பென்சில் இன்னும் பெட்டிக்குள்தான்

மூத்தவளை இந்த வருடம் யூ.கே.ஜி.யில் சேர்க்கவில்லை. வீட்டில் வைத்து நானே சொல்லிக்கொடுக்கிறேன். அவளுக்கு நாலரை வயது, தம்பிக்கு மூன்று. நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். வீட்டைச் சுற்றி ரப்பர், இடையிடையே வாழை, வேலியோரம் மரச்சீனி. அடுத்த ஜூனில் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்றுதான் இப்போதைக்கு முடிவு. நடுவில் கிடைத்திருக்கும் இந்த ஒரு வருடத்தை எப்படித் தொடங்கியிருக்கிறோம் என்று எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் அம்மாமார் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வருடம் அவள் எல்.கே.ஜி. போனாள். காலை ஏழே காலுக்கு வேன். சாயந்திரம் வந்ததும் வீட்டுப்பாடம்: நாலு கோடு நோட்டில் இங்கிலீஷ் எழுத்து இரண்டு பக்கம், கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 50 வரை. பென்சிலை எல்லா விரலாலும் மடக்கி, உள்ளங்கையில் வைத்துக் குத்துவதுபோலப் பிடிப்பாள். அழுத்துகிற அழுத்தில் நகக்கண் வெளுக்கும், தாளின் பின்பக்கம் கிழியும். ஐம்பது வரை எழுதுகிறாளே என்று ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். ‘ஏழு சின்ன உள்ளி எடுத்துட்டு வா மக்ளே’ என்று அடுக்களையிலிருந்து கேட்டால் சின்ன வெங்காயத்தைக் கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு வருவாள். ஏழு என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. ஏழை எழுத மட்டும்தான் தெரியும்.

அந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கல்யாணத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு நர்சரியில் வேலை பார்த்தவள்தான். முப்பதுக்கு மேல் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார்த்திவைக்க, எழுதச் சொல்வதைவிட எளிய வழி கிடையாது. வீட்டிலும் எல்லோரும் நோட்டைத்தான் திறந்து பார்க்கிறார்கள். நோட்டு நிறைந்திருந்தால் பிள்ளை படிக்கிறது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்பு. வருடம் போகப் போக ஒவ்வொன்றாக இறுகும். எல்லாம் இறுகி முடியப் பத்துப் பன்னிரண்டு வயது ஆகிவிடும். விரல்களின் தசையும் அப்படித்தான், உபயோகிக்க உபயோகிக்கத்தான் பலம் வைக்கும். நாலு வயதுக் கையிடம் பக்கம் பக்கமாக எழுத்து கேட்கிறோம். அந்தக் கைக்கு முதலில் வேண்டியது பிசைவதும் பிழிவதும் கிள்ளுவதும் உரிப்பதும். அதனால் இந்த வருடம் கைக்கும் காதுக்கும் வாய்க்கும் என்று ஒதுக்கினேன். பென்சில் விஜயதசமிக்குப் பிறகு.

வீட்டில் சம்மதம் வாங்குவது லேசாக இல்லை. மாமிக்கு, என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ‘பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு விடாம வீட்டுல வைக்கதுக்கு நமக்கு என்ன குறை மக்ளே?’ என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. இந்த மாவட்டத்து மயிலாடிக்கு ரிங்கல்தௌபே என்ற மிஷனரி வந்த 1806-லிருந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றியே வளர்ந்த ஊர்கள். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் நாளெல்லாம் உட்கார்ந்து முந்திரித் தோல் உரித்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் மாமி. பேத்தி வீட்டில் இருப்பதை ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை அவருக்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்? துபாயிலிருந்து பிள்ளைகளின் பெரியப்பா வீடியோ காலில் வந்து, ‘இங்கிலீஷ் என்ன ஆகும்?’ என்றார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் ராத்திரிகளில் அவள் நோட்டைப் பார்த்து அழுததை அவரும் பார்த்திருக்கிறார்.

சட்டத்தைப் பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி., யூ.கே.ஜி. படிக்கவைத்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. அங்கே சேர்க்க யூ.கே.ஜி. படித்த சான்று வேண்டியதில்லை. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். சேர்க்கும்போது பிள்ளைக்குத் தேர்வோ நேர்காணலோ வைக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கும் முறை. ஆகவே அடுத்த ஜூனில் இவள் பின்தங்கிப்போவாளோ என்ற பயம் எனக்கு இல்லை.

இனி எங்கள் நாள். பிள்ளைகளின் அப்பா ரப்பர் வெட்ட விடியுமுன் டார்ச்சோடு தோட்டத்துக்குப் போய்விடுவார், மழை இல்லாவிட்டால். பிள்ளைகள் தானாக எழும்வரை எழுப்புவதில்லை. இந்த ஒரு மாற்றத்திலேயே மூத்தவளின் முகம் தெளிந்துவிட்டது. காப்பிகுடி முடிந்து ஒன்பதரைக்குத் திண்ணையில் கோரைப்பாய் விரிப்பேன். பாய் விரித்தால் பள்ளிக்கூடம். ‘அம்மா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் உண்டா?’ என்று அவளே பாயை இழுத்துக்கொண்டு வருகிற நாளும் உண்டு. முதலில் பாட்டு, பிறகு ஒரு கதை, அதன்பின் பதினைந்து நிமிடம் எழுத்து. பாய் சுருட்டியாகிவிடும். மீதிப் படிப்பெல்லாம் அடுக்களையிலும் முற்றத்திலும் தோட்டத்திலும்தான்.

காலைப் புட்டு எங்கள் முதல் பாடம். வறுத்த மாவை அகலப் பாத்திரத்தில் கொட்டி, உப்புத்தண்ணீரை நான் தெளிக்கத் தெளிக்க அவள் விரல்நுனியால் பிசறுவாள். கட்டி விழுந்தால் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து உடைக்க வேண்டும். பதம் பார்ப்பது அவள் பொறுப்பு: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், பெருவிரலால் தொட்டால் உதிர வேண்டும். நின்று உதிராவிட்டால் தண்ணீர் கூடிப்போயிற்று. நிற்கவே இல்லையென்றால் இன்னும் தெளிக்க வேண்டும். தொடங்கிய புதிதில் அவள் பிடித்த பிடி நிற்காது, கையில் அவ்வளவு பலம் இல்லை. இப்போது ஐந்து விரலின் தடமும் மாவில் தெளிவாக விழுகிறது. பிறகு குழலில் சில்லைப் போட்டு, தேங்காய், மாவு, தேங்காய், மாவு. ‘அடுத்து என்ன?’ என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. நான் வேண்டுமென்றே மாவுக்கு மேல் மாவு போடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது கணக்கின் அடிப்படைகளில் ஒன்று. பல பள்ளிகளில் அதற்குக் கலர் மணியும் ஒர்க் ஷீட்டும் வாங்குகிறார்கள். ஆவி ஏறும் பக்கம் மட்டும் என் வேலை.

மாமியை எனக்குத் துணையாக்கியது முந்திரிதான். ஒருநாள் மத்தியானம் சுட்டெடுத்த பருப்பைச் சுளகில் போட்டு, மேலேயுள்ள செம்பழுப்புத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமி ஒன்றும் விளக்கவில்லை. ஒரு பருப்பை எடுத்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நடுவிரலால் அடியில் தாங்கி, மெதுவாக ஒரு தேய்ப்பு. தோல் கழன்று விழுந்தது. இவள் தேய்த்தாள், பருப்பு இரண்டாக உடைந்தது. ‘பைய மக்ளே, பைய. முழுப் பருப்புக்கு ஒரு விலை, ஒடஞ்சதுக்கு வேற விலையாக்கும்.’ அடுத்ததும் உடைந்தது. உடைந்ததெல்லாம் தம்பி வாய்க்குப் போயிற்று. அதற்கும் அடுத்தது முழுதாக வந்தபோது அவள் அதைச் சுளகில் தனியாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் அவள் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலைப் பிடிக்க எந்த மூன்று விரல் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த மூன்றும் அதே இடத்தில் இருந்தன. எவ்வளவு அழுத்தலாம் என்பதையும் அந்தப் பருப்பே சொல்லிக்கொடுத்தது. போன வருடம் தாளைக் கிழித்த கை அது. மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மத்தியான வகுப்பு அவருடையது. பூத் தொடுக்கவும், பயற்று நெற்று உடைக்கவும் அவர்தான் உட்கார்த்திவைக்கிறார்.

எழுத்துக்கு வருகிறேன். அ, ஆ, இ, ஈ என்று பாட்டாகச் சொல்கிறோம், அது காதுக்கு. கண்ணுக்கும் விரலுக்கும் அந்த வரிசையில் போவதில்லை. ‘அ’வைப் பாருங்கள், எத்தனை சுழி! ‘ட’ இரண்டே கோடு. மேலிருந்து கீழே ஒன்று, அங்கிருந்து வலப்பக்கம் ஒன்று. ‘ப’வுக்கு இன்னொரு கோடு கூடும். ‘ம’வில் முதன்முதலாக ஒரு வளைவு. இந்த மூன்றையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். நாலாவதாக ‘ர’வைச் சேர்த்தேன். மரம் வந்தது, பம்பரம் வந்தது. அப்புறம்தான் எனக்கே பொறி தட்டியது: ‘ரப்பர்’! ர, ப, புள்ளி, அவ்வளவுதான். ஒரு துணைக்கால்கூட வேண்டாம். அப்பாவின் வேலையை, வீட்டைச் சுற்றி நிற்கும் மரத்தை, நாலு எழுத்து படித்த பிள்ளை வாசித்துவிடும். பழைய காலண்டர் அட்டையில் சாக்பீஸால் எழுதி நீட்டினேன். ‘ர… ப்… ப… ர்’ என்று விரல் வைத்துத் தனித்தனியாகச் சொன்னாள், இன்னொரு தரம் வேகமாகச் சொன்னாள், அப்பாவிடம் ஓடினாள். பம்பரத்தில் நடுவில் வரும் ‘ப’ வேறு மாதிரி ஒலிக்கிறதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் யோசித்துவைத்திருந்தேன். தேவைப்படவே இல்லை. அந்தச் சொல் அவள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைக் கண்டதும் வாய் தானாகத் திருத்திக்கொண்டது. அதனால்தான் சொல்கிறேன், எழுத்துக்கு முன் பேச்சு வேண்டும். பிள்ளை கேட்டிராத, சொல்லியிராத சொல்லை அட்டையில் எழுதி நீட்டி என்ன பயன்?

247 என்ற எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். மற்ற 216-உம் உயிர்மெய். கால், கொம்பு, சுழி என்று குறிகளின் முறை பிடிபட்டுவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை தானாக விழும். உகர, ஊகார வரிசைக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கு அவசரம் இல்லை, வருடம் முழுக்க இருக்கிறது.

எழுத்து அட்டைகளை வீட்டில் செய்தோம். இரும்புக் கடையில் உப்புத்தாள் வாங்கி, எழுத்து வடிவில் வெட்டி, காலண்டர் அட்டையில் ஒட்டியது. இரண்டு விரலால் அதன்மேல் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். இது மரியா மாண்டிசோரி கண்ட முறை. அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் நடந்த காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு இருந்தவர். நம்மிடமும் மணலில் விரலால் எழுதிப் படித்த திண்ணைப் பள்ளிகள் இருந்தனதானே. விரல் வழியாக எழுத்து ஏறும் என்று இரண்டு பக்கமும் அறிந்திருக்கிறார்கள். உப்புத்தாளுக்குப் பிறகு தாம்பாளத்தில் பச்சரிசி. அதற்கும் பிறகு சுவர். திண்ணைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை பெயிண்ட் அடித்துக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். நின்றுகொண்டு, கையை ஓங்கி, பெரிதாக எழுதும்போது தோளும் முழங்கையும் வேலை செய்கின்றன. சிலேட்டும் குச்சியும் இனிமேல்தான்.

கணக்கு தோட்டத்தில் நடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மழை விடாமல் பெய்தால் பால் வெட்டு நின்றுபோகும். மழை விட்டு வெட்டு திரும்பத் தொடங்கும்போது, பால் பிடிக்கக் கழுவிக் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டைகளை மரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போவது மூத்தவளின் வேலை. மரத்துக்கு ஒரு சிரட்டை. கடைசி மரத்துக்குச் சிரட்டை இல்லாமல் போனால் ஒன்று குறைகிறது, கையில் மிஞ்சினால் ஒன்று கூடுதல். எண்ணிக்கை என்பதை அவள் பிடித்தது இங்கேதான், எந்த நோட்டிலும் இல்லை. மழை வலுத்தால் உள்ளே பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை; ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகும்போது கையும் எண்ணமும் சேர்ந்து நகர வேண்டும். ஏழு உள்ளி கேட்டால் இப்போது ஏழு வருகிறது. பத்துக்கு மேல் இந்த வருடம் அவசரப்படுத்துவதாக இல்லை.

ஓர் எச்சரிக்கை. கொட்டை, விதை, மஞ்சாடி மணி எல்லாம் தம்பி இருக்கும் இடத்தில் நான் இல்லாமல் வைப்பதில்லை. மூன்று வயதில் எதுவும் வாய்க்கும் மூக்குக்கும் போகும். ரப்பர் விதை பார்க்க அழகாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால் அதில் நஞ்சு உண்டு. பொறுக்கியவுடன் கை கழுவ வேண்டும், வாயில் வைக்கவே கூடாது.

இரண்டு வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாகச் சமாளிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். சின்னவனை முதலில் கவனித்துவிடுவதுதான் வழி. கதையின்போது மடி அவனுக்கு. பிறகு முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு மக், இரண்டு சிரட்டை, ஒரு துண்டுத் துணி. மொண்டு ஊற்றுவான், நனைப்பான், பிழிவான். அந்தப் பதினைந்து நிமிடம் அவன் அக்காவைத் தொந்தரவு செய்வதில்லை. அவனுக்கும் அதுதானே கைவேலை.

இங்கிலீஷைப் பற்றி. பெரியப்பாவுக்காக மட்டும் இல்லை, எனக்கும் அது வேண்டும். சாயந்திரம் இரண்டு பாட்டு, சின்னச் சின்னப் பேச்சு, படப் புத்தகம். எல்லாம் காது வழியாக. இங்கிலீஷ் எழுத்து, தமிழ் வாசிப்பு நன்றாக ஊன்றிய பிறகு. மலையாளம் டிவியிலும் பக்கத்து வீட்டிலும் தானாகக் காதில் விழுகிறது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மாமியின் அப்பா அதற்கு முன்னால் பள்ளியில் மலையாளம் படித்தவர், வீட்டில் தமிழ் பேசினவர். ஒரு பாஷையில் நன்றாக ஊன்றிய பிள்ளை இன்னொன்றைச் சும்மா பிடித்துக்கொள்ளும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு.

மற்றப் பிள்ளைகளோடு சேர்வது குறையக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நாலரை மணிக்கு வேன்கள் திரும்பியதும் முற்றத்தில் பாண்டி ஆடக் கூட்டம் சேர்ந்துவிடும். எடை பார்க்கவும் மற்றப் பிள்ளைகளோடு பாடவும் அங்கன்வாடிக்குப் போகிறோம். அங்கன்வாடியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அது வருத்தம். 1975-ல் தொடங்கி, இப்போது நாடு முழுக்க நடக்கும் திட்டம். ஆடலும் பாட்டும் கதையும்தான் அங்கே பாடம். நாலு கோடு நோட்டு இல்லை. வீட்டில் துணைக்கு ஆள் இல்லாமல் வேலைக்கும் போகும் அம்மாமார் இதைப் படித்துவிட்டு மனம் கலங்க வேண்டாம். எனக்கு மாமி இருக்கிறார், பதினொரு மணிக்குள் வேலை முடித்து வரும் வீட்டுக்காரர் இருக்கிறார். அது இல்லாவிட்டால் நானும் அங்கன்வாடியில்தான் விட்டிருப்பேன், நிம்மதியாக விட்டிருப்பேன்.

மழை ஓய்ந்ததும் மாத்தூர் தொட்டிப்பாலம். 1966-ல் கட்டியது. பறளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீழே இறங்கி 28 தூணையும் தொட்டு எண்ண வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பத்து பத்தாகப் பிரித்து எண்ணலாம் என்று எனக்கு எண்ணம். புரட்டாசியில் பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரிக்காகச் சரஸ்வதி சிலை திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதைக் காட்ட வேண்டும். குளிர்காலத்தில் தேரூர்க் குளத்துப் பறவைகள். அதற்குள் ஐந்தாறு எழுத்து கூடியிருக்கும்.

கீழ்வீட்டு மைனியின் மகனுக்கும் நாலு வயது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவனை எங்கள் பாயில் விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பதிலுக்கு அந்த இரண்டு நாளும் மத்தியானம் என் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள். அவனுக்கு இன்னொரு செட் எழுத்து வெட்ட வேண்டும். திருவட்டாறு போகும்போது உப்புத்தாள் வாங்கணும். இந்தத் தடவை ‘ம’வைக் கொஞ்சம் பெரிதாக வெட்டப்போகிறேன், இப்போதிருக்கும் அட்டையில் வளைவுக்குள் இரண்டு விரலும் சேர்ந்து திரும்ப இடம் போதவில்லை.